தேடுபொறி படித்த பள்ளங்கி வீடு

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்தில் எல்லார் முகமும் வாடிக் கிடந்தது. கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம் அது. மலையில் இருக்கும் விடுதிகளுக்கும் தங்கும் வீடுகளுக்கும் தேன் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. செய்து கொடுத்தால் மட்டும் போதாது, தேடுகிறவர்களின் கண்ணில் அந்தத் தளம் படும்படி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். உண்மையில் அந்த இரண்டாவது வேலைக்காகத்தான் எங்களிடம் வருவார்கள்.

தேடுபொறி தன் உள்வேலைகளை மறுபடியும் மாற்றியிருந்தது. முன்பெல்லாம் ஒருவர் எதையாவது கேட்டால் பத்துத் தளங்களை வரிசையாகக் காட்டும். கேட்டவர் ஒன்றைத் தொட்டு உள்ளே வருவார். இப்போது அதுவே பல தளங்களைப் படித்து, பதிலையும் அதுவே எழுதி மேலே வைத்துவிடுகிறது. பதில் கிடைத்தவர் உள்ளே எதற்கு வரப்போகிறார்? எங்கள் தளங்களுக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போனார்கள்.

"அக்கா, இனிமே நம்ம சோலி முடிஞ்சுச்சா?" என்று கேட்டாள் நிஷா. ஆறு வருடமாக என் பக்கத்து மேசையில் இருந்து வேலை பார்த்தவள். எளிதில் பயப்படுகிற பெண் இல்லை.

"இதே கேள்விய நான் ரெண்டு தடவ கேட்ருக்கேன்."

"யார்ட்ட?"

"தமயந்தி மேடம்ட்ட."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தடவயும், டீ சொல்லுங்கன்னாங்க."

அவள் சிரித்தாள். அந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னாள். அதற்காக உட்கார்ந்தேன், எழுத எழுத மூன்றாவதும் சேர்ந்துகொண்டது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. என் முழுப்பெயர் அமலோற்பவம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதியில் பதினாறு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் அழைப்புகளை எடுத்து அறை பதிவு செய்வேன். பதிவெல்லாம் இணையத்துக்குப் போனதும் என் சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. யாரோ சொல்லி இந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கே முதலாளியாக இருந்தது இருபத்தொன்பது வயதுப் பெண். பழனி அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. கோயம்புத்தூரில் படித்துவிட்டு, விடுதிகள் எல்லாம் மேலே இருக்கின்றன என்று மலையேறி வந்து தனியாக அலுவலகம் போட்டிருந்தாள்.

"எனக்கு டைப்பிங் மட்டுந்தாங்க தெரியும்" என்றேன்.

"போன்ல ஆளுங்க என்னென்ன கேப்பாங்க?"

"நெறைய கேப்பாங்க. வெந்நீர் வருமா, காரு வாசல் வரைக்கும் வருமா, பிள்ளைக்குப் பால் கெடைக்குமான்னு…"

"அப்படியே எழுதிக் குடுங்க."

நாலு பக்கம் எழுதினேன். நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். "நாளைக்கு வந்துருங்க. கொஞ்சம் வெள்ளனே வாங்க, ஒம்பதரைக்கு கரண்ட் போயிரும்" என்றாள்.

அவள்தான் தமயந்தி. மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. அவள் என்னை அமலாக்கா என்பாள், நான் அவளை மேடம் என்பேன். அப்படியே இருபது வருடம் ஓடிப்போனது.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தப்பாகச் செய்தேன், அழித்தேன், திரும்பச் செய்தேன். ஆனால் அந்த வருடத்தில் கற்ற ஒரு வேலையை ஓய்வு பெறும் நாள் வரை விடவில்லை. பதிவு படிப்பது.

ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு பதிவு உண்டு. எத்தனை மணிக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், பக்கம் கிடைத்ததா என்று, வருகைக்கு ஒரு வரியாக அது தானே எழுதிக்கொண்டு போகும். விடுதி வாசலில் வாட்ச்மேன் நோட்டில் எழுதுவாரே, அந்த மாதிரி. வரியின் நடுவில் இருநூறு என்று எண் இருந்தால் பக்கம் கிடைத்தது. நானூற்று நான்கு என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. வருகிறவர்களில் மனிதர்கள் உண்டு. மனிதர்களுக்கு நடுவே, தேடுபொறி அனுப்பும் இயந்திரமும் வந்து போகும். நாங்கள் அதை 'பாட்' என்போம். ஊரெல்லாம் சுற்றித் தளங்களைப் படித்துக்கொண்டு போய்த் தேடுபொறியிடம் சொல்வது அதுதான். அது படிக்காத பக்கம் உலகத்துக்குத் தெரியாது. தினமும் காலையில் பாட் வந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, எந்தத் தளத்தில் எந்தப் பக்கம், எப்போது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். அது ஒரு பக்கத்தைப் பல நாளாகத் தொடாமல் இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு.

இந்த வேலையைத் தமயந்தி வேறு யாரிடமும் விடவில்லை, என்னிடம் விட்டாள். ஆனால் நான் எதையாவது சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" பார்த்தேன் என்றால் காட்ட வேண்டும். நினைத்தேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். அமலாக்கா என்பது அமலா மேடம் ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் தேடுபொறி தன் பட்டியலை எப்போதாவது ஒரு தடவைதான் புதுப்பிக்கும். இன்று நாங்கள் ஒன்றை எழுதினால் அது ஊருக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். புதுப்பிக்கும் நாள் வந்தால் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது மாதிரி எல்லாரும் காத்திருப்போம். யாருடைய விடுதி மேலே போனது, யாருடையது கீழே விழுந்தது என்று காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். மேலே போவதற்குச் சிலர் குறுக்கு வழி வைத்திருந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கொடைக்கானல் ஹோட்டல், கொடைக்கானல் காட்டேஜ் என்று நூறு தடவை எழுதி வைப்பார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, பாட் படித்துவிடும். எங்களிடமும் அப்படிச் செய்யச் சொல்லி ஒரு விடுதிக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க ஹோட்டல் வாசல்ல கண்ணுக்குத் தெரியாம எதையாச்சும் எழுதி வெப்பீங்களா?" என்று கேட்டாள் தமயந்தி.

"வாசல் வேற, இது வேறம்மா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணே."

அவர் எழுந்து போய்விட்டார். பிறகு தேடுபொறி தன் கிடங்கையே இடித்துக் கட்டின மாதிரி முழுதாக மாற்றியது. வாரக்கணக்கில் காத்திருப்பது போய், காலையில் எழுதினால் மதியத்துக்குள் பட்டியலில் ஏறிவிடும் என்று ஆனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை ஒரு தப்பு செய்தால் ஊர் பார்ப்பதற்குள் திருத்திவிடலாம். இனிமேல் தப்பும் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுமே? நம்ம சோலி முடிஞ்சுச்சா என்று அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் வத்தலக்குண்டிலிருந்து மேலே வரும் ரோட்டில் மண் சரிந்துவிட்டது. தமயந்தி எங்கள் எல்லா விடுதிகளின் தளத்திலும் முதல் வரியாக அதை எழுதச் சொன்னாள். ரோடு எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த வழியாக வரலாம், இப்போது வர முடியாவிட்டால் எப்போது வரலாம் என்று மூன்றே வரி. சாயங்காலம் ஒரு விடுதியிலிருந்து போன் வந்தது. நிறைமாத மருமகளோடு காரில் கிளம்பியிருந்த ஒரு குடும்பம் வழியில் டீக்கடையில் நின்று போனில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூன்று வரி முன்னால் வந்திருக்கிறது. அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார்களாம். தமயந்தி அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக இருந்தாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

இரண்டாவது தடவை நடந்தது என் தப்பு. அதைச் சொல்வதற்குத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்குப் பக்கத்துக் கிராமமான பள்ளங்கியில் சூசை என்று ஒரு விவசாயி. பீன்ஸும் பேரிக்காயும் போடுகிறவர். அவர் மகள் செல்விக்கு இருபத்திரண்டு வயதில் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். வீட்டோடு சேர்ந்து விருந்தாளிகளுக்கு என்று இரண்டு அறை இருந்தது. செல்வி அந்த இரண்டு அறையையும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு என்றே மாற்றினாள். கதவை அகலமாக்கினாள், குளியலறையில் கைப்பிடி வைத்தாள், கட்டிலை வெட்டி உயரம் குறைத்தாள். எனக்குத் தெரிந்து மலையில் அப்போது அப்படி ஒரு இடம் வேறு இல்லை. வந்தவர்களில் பலர், பத்து வருடத்தில் முதல் தடவையாக வெளியூரில் தங்குகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளுடைய தளத்தை நான்தான் செய்தேன். செல்வி சொல்லச் சொல்ல எல்லா அளவையும் எழுதினேன். கதவு எத்தனை அங்குலம், நிலைப்படியின் உயரம் என்ன, குளியலறைக்குள் நாற்காலியைத் திருப்ப எத்தனை அடி இடம். வேறு எந்தத் தளத்திலும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் யாராவது சக்கர நாற்காலி என்று சேர்த்துத் தேடினால் செல்வியின் வீடு முதலில் வரும்.

பிறகு எல்லாரும் போனில் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் போனில் பெரிய பக்கம் திறக்க நேரமாகும். அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் போனுக்கென்று தனியாக ஒரு சின்னத் தளம் செய்தோம். செல்விக்கும் நானே செய்தேன். நாலு அழகான படம், போன் நம்பர், வழி. நீளமாக இருக்கிறதே என்று அளவுகளை எல்லாம் வெட்டிவிட்டேன். வேண்டுமென்றால் பெரிய தளத்தில் போய்ப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

அது சில வருடம் ஒன்றும் ஆகாமல் ஓடியது. ஏனென்றால் பாட் அதுவரை மேசைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற ஆள் மாதிரி வந்து பெரிய தளத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது. பிறகு தேடுபொறி முடிவை மாற்றியது. மக்கள் போனில்தான் பார்க்கிறார்கள், எனவே இனி எங்கள் இயந்திரமும் போனில் பார்க்கிற ஆள் மாதிரியே வரும், அதன் கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு என்று அறிவித்தது. ஒவ்வொரு தளத்தையும் அப்படி மாற்றும்போது ஒரு கடிதமும் வரும். செல்வியின் தளத்துக்கு வந்த கடிதத்தை நான் படித்தேன். நம் போன் தளம் வேகமாகத்தானே திறக்கிறது, நல்லதுதான் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

மற்ற விடுதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படமும் போன் நம்பரும் இருந்தால் அவர்களுக்குப் போதும். செல்வியின் வீடு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது.

ஏப்ரல் மாதம் அவளிடமிருந்து போன். "அக்கா, ரெண்டு மாசமா ஒரு விசாரிப்புக்கூட இல்ல. சீசன் வேற வருது. சைட்டு ஓடுதா?"

ஓடியது. பதிவை எடுத்துப் பார்த்தேன். பாட் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் இருநூறு. ஒரு மணி நேரம் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. வரியின் கடைசியில் வந்தவரின் பெயர் இருக்கும். பிப்ரவரி வரை அங்கே மேசைக் கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது, அதற்குப் பிறகு போனின் பெயர். அளவுகள் இருந்த பக்கத்தை அன்றிலிருந்து அது ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஏனென்றால் போன் தளத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை. நான் வைக்கவில்லை. தளங்கள் பெருகிய பிறகு நோட்டில் முகப்புகளை மட்டும் எழுதிவந்ததால் என் சிவப்புக் கோடும் விழவில்லை. தேடுபொறியைப் பொறுத்தவரை செல்வியின் வீடு அழகான படங்கள் உள்ள இன்னொரு வீடு. அந்த மாதிரி வீடுகள் மலையில் எத்தனையோ.

தமயந்தியிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"மாறுதுன்னு லெட்டர் வந்துச்சுல்ல, அமலா மேடம்?"

"வந்துச்சு."

"வந்தப்ப போன்ல தொறந்து பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேங்க."

நம்ம சோலி, என் சோலி முடிஞ்சுச்சா என்று கேட்டேன். அவள் பேக்கரிக்குப் போன் போட்டு டீ சொல்லச் சொன்னாள். டீ வந்தது. குடித்து முடித்தாள். பிறகு, "வாங்க, பள்ளங்கி போவோம். இத போன்ல சொல்லக் கூடாது" என்றாள்.

ஜீப்பில் போகும்போது, தேடுபொறி மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளலாமே, அது பொய்யும் இல்லையே என்று எனக்குள் ஒரு யோசனை ஓடியது. தமயந்திக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "அது மாறுனது அதோட வேல. நாம மாறலங்கறதச் சொல்லணும்" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

செல்வி வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன். என்ன வெட்டினேன், ஏன் வெட்டினேன், அதனால் என்ன ஆனது. அவள் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை மடியில் வைத்துவிட்டு, "அப்ப ஆள் வராம போனதுக்கு நான் காரணமில்லியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பிப்ரவரில ஒரு அம்மாட்ட கொஞ்சம் வெடுக்குனு பேசிட்டேன்க்கா. அவங்க போயி எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தெனமும் அதையே நெனச்சு…"

இரண்டு மாதம் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. நான் அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபமே வந்தது.

"அழுவாதீங்கக்கா. எத வெட்டுனீங்க நீங்க? எங்க அளவத் தூக்கிப் போட்டுட்டு மலை படத்த வெச்சிருக்கீங்க! மலை எல்லா வீட்டுப் படத்துலயுந்தான் இருக்கு. வீல்சேர்ல வர்றவன் மொதல்ல மலையவா பாப்பான்? பாத்ரூமுக்குள்ள போக முடியுமான்னு பாப்பான்."

"ஆமா செல்வி."

"அது எவ்வளவு பெருசுன்னு வெட்டுனீங்க?"

அதுதான் இன்னும் வெட்கம். அலுவலகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அந்த அளவுகள் எல்லாம் சேர்ந்து எழுத்தாக ஒரு படத்தின் மூலை அளவுகூட எடையில்லை. பக்கத்தைக் கனமாக்கியது படங்கள். நான் வெட்டியது எழுத்தை. இதையும் சொன்னேன்.

செல்வியின் அப்பா சூசை இவ்வளவு நேரமும் படலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தச்சர் வைத்திருக்கிற டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "தாயி, போன வருசம் பாத்ரூம மாத்திக் கட்டுனோம். பழைய அளவு ஒதவாது. திரும்ப அளந்துருவமா?"

அன்று மதியம் முழுவதும் அளந்தோம். சூசை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, தமயந்தி மறு முனையைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தாள். செல்வி நாற்காலியிலிருந்து சொல்வாள், நான் எழுதுவேன். கதவு முப்பத்தாறு அங்குலம். நிலைப்படி அரை அங்குலம். கட்டில் இருபது அங்குலம், "நாக்காலி சீட்டும் கட்டிலும் ஒரே ஒசரம் இருக்கணும்க்கா, அப்பத்தான் ஆள் ஒதவி இல்லாம நகர முடியும், அதையும் எழுதுங்க." வாசலுக்கு ஏறும் சரிவுப்பாதை ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கைகழுவும் தொட்டிக்கு அடியில் முழங்கால் போக இடம். கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை தரை எப்படி, மழை பெய்தால் வழுக்குமா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில்கூட யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். கேட்க வேண்டியவர்கள் அப்போது போனே செய்திருக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இரண்டு தளம் வைத்திருந்ததே தப்பு என்று தமயந்தி முடிவு செய்தாள். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே பக்கம், திரைக்குத் தகுந்தபடி தானே மடங்கிக்கொள்ளும்படி மாற்றினோம். ஒரு எழுத்தையும் விடவில்லை. படங்களை மட்டும் இளைக்க வைத்தோம். பழைய போன் தளத்தின் முகவரிக்கு வருகிறவர்கள் புதிய பக்கத்துக்கே போய்ச் சேரும்படி செய்தோம். தளத்தில் எந்தெந்தப் பக்கம் இருக்கிறது என்ற வரைபடத்தைத் தேடுபொறிக்கு அனுப்பினோம். பிறகு காத்திருந்தோம். மூன்றாம் நாள் பாட் வந்து முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் நோட்டில் எழுதிவிட்டுத் தமயந்தியைப் பார்த்தேன். "வரும்" என்றாள். ஆறாம் நாள் காலையில் அளவுகள் பக்கத்துக்கு ஒரு வரி. வந்தவர் பெயர் போன். நடுவில் இருநூறு. நான் எழுந்து நின்றுவிட்டேன். யாருக்காகவோ மரியாதை செய்கிற மாதிரி.

மே மாதம் முதல் வாரத்தில் செல்விக்கு ஒரு விசாரிப்பு வந்தது. கன்னிவாடியிலிருந்து ஒருவர். அவர் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நடக்க முடியாது. அடிவாரத்திலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட அம்மா. தினமும் வீட்டு வாசலிலிருந்து இந்த மலையைப் பார்த்தவர், ஒரு நாளும் மேலே வந்ததில்லை. நடக்க முடிந்த காலத்தில் வேலை விடவில்லை. மகன் போனில் தேடியிருக்கிறார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதானாம்: "எழுதிருக்கற அளவெல்லாம் நெசந்தானுங்களா?"

அவர்கள் வந்த அன்று செல்வி எங்களையும் வரச் சொன்னாள். அந்த அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். கீழே சமவெளி தெரிந்தது. எல்லாரும் சுற்றி நின்று அழகாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, நம்ம வீடு எங்கன கெடக்கு?" என்று கேட்டார். மகன் ஏதோ ஒரு திசையைக் காட்டினார். "அம்புட்டுச் சிறுசா" என்று சொல்லிவிட்டு வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பதிவைக் காலையில் மட்டுமல்ல, மதியமும் பார்த்தேன். கடிதம் எது வந்தாலும் போனில் திறந்து பார்த்தேன். தமயந்தி என்னை மறுபடி அமலா மேடம் என்று கூப்பிட்டதாக நினைவில்லை.

இப்போது மூன்றாவது. நிஷாவும் நானும் சேர்ந்து பார்த்தது.

நம்ம சோலி முடிஞ்சுச்சா என்று அவள் கேட்ட அன்றே, நான் அவளிடம் எங்கள் தளங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் தேடுபொறியிடம் கேட்டு, அது என்ன பதில் எழுதுகிறது என்று பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. செல்வியின் வீட்டைக் கேட்டபோது நிஷா, "அக்கா, இங்க வாங்க" என்றாள். அந்த வீட்டு வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன, எனவே சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஏற்றதல்ல என்று எழுதியிருந்தது.

எங்கள் தளத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அப்படியானால் வேறு எங்கோ படித்திருக்கிறது. முன்பு நாம் எழுதுவதை ஒழுங்காக எழுதினால் போதும். இப்போது அடுத்தவர்கள் நம்மைப் பற்றி எழுதியதையும் சேர்த்துப் படித்து அது பேசுகிறது. இரண்டு நாள் தேடினோம். நிஷாதான் கண்டுபிடித்தாள். திருச்சியில் ஒருவர், ஊர் ஊராகப் போய்த் தன் பயணங்களைச் சொந்தமாக ஒரு தளத்தில் எழுதி வைத்திருக்கிறார். வெகு காலத்துக்கு முன்பு, விபத்துக்கும் முன்பு, சூசையின் வீட்டில் ஒரு நாள் தங்கியிருக்கிறார். அப்போது வாசலில் மூன்று படி இருந்திருக்கிறது. அவர் எழுதியிருந்தது இது: அந்த வீட்டுப் பெண் கையில் இரண்டு டீ டம்ளரோடு மூன்று படிகளையும் ஒரே தாவில் ஏறி வந்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நிஷா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவருக்கு எழுதினோம். மறுநாளே போன் செய்தார். விஷயத்தைக் கேட்டு மிகவும் வருந்தினார். "அந்தப் பக்கத்தையே அழிச்சிடட்டுமாம்மா? ஒரு நிமிஷ வேலை" என்றார். அதுதான் சுலபம். பதில் சரியாவதற்கு அதுவே நிச்சயமான வழியும்கூட. சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனாலும் செல்வியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செல்விக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். போனை வைக்காமலே படித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆமாக்கா. அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க, விழுந்து தொலையப் போறன்னு. ஆஸ்பத்திரில இருந்து என்னய வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு மொத நாளு அப்பா கடப்பாறையால அந்தப் படிய ஒடச்சாரு."

"அவரு அழிச்சிடறேங்கறாரு செல்வி. அழிச்சா வெரசா சரியாயிரும்."

"அழிக்க வேணாம்னு சொல்லுங்க."

"அப்பறம் பதில் தப்பாவே இருந்துச்சுன்னா?"

"இருந்தா இருக்கட்டும், வேற வழி பாப்போம். நான் படியேறுனத எழுதி வெச்சிருக்க ஒரே எடம் அதுதான்க்கா. எங்கிட்ட போட்டோகூடக் கெடையாது. கீழ ஒரு வரி சேக்கச் சொல்லுங்க, போதும்."

திருச்சிக்காரர் ஒரு வரி இல்லை, நாலு வரி சேர்த்தார். இப்போது படிகள் இல்லை, சரிவுப்பாதை இருக்கிறது, அந்த வீட்டை இன்றும் அதே பெண்தான் நடத்துகிறாள் என்று. எங்கள் தளத்திலும் முதல் வரியிலேயே படி இல்லை என்று நிஷா எழுதினாள். இரண்டு மாதத்துக்கு மேல் போனது. பதில் மாறவில்லை. என் கடைசி நாளும் வந்தது. தமயந்தி எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருந்தாள். அதை அவளே என் தோளில் போர்த்திவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குக் காலையில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் நிஷா போன் செய்தாள். "அக்கா, வந்துருச்சு. படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் படித்தாள். நான் அப்படியே காகிதத்தில் எழுதிக்கொண்டு செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, கேளு. பள்ளங்கியில் உள்ள இந்த வீட்டு வாசலில் முன்பு மூன்று படிகள் இருந்தன. இப்போது சரிவுப்பாதை உள்ளது, சக்கர நாற்காலியில் உள்ளே செல்லலாம். அவ்வளவுதான்."

"முன்னாடி இருந்துச்சுங்கறதையும் சொல்லுதா?"

"சொல்லுது."

"இன்னொரு தடவ படிங்கக்கா" என்றாள்.